அருள்தாஸின் ஏழு நாள்கள்

இக்கட்டுரையில் நான் கண்ணால் கண்டவற்றையும், காதால் கேட்டவற்றையும், எழுத்தில் படித்தவற்றையும் மட்டுமே தருகிறேன். பிறர் சொல்லித் தெரிந்தவை இருவர் வாயிலிருந்து தனித்தனியே ஒன்றுபோல் வந்திருந்தால் மட்டும் சேர்த்திருக்கிறேன். ஊகித்தவை பல உண்டு, அவற்றை விலக்கிவிட்டேன். முப்பத்தோராண்டுகள் திருவள்ளூர் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று, கடந்த ஏழு நாள்களில் அவ்வீட்டார் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்தனர் என்று கேட்டு எழுதுவதே என் உத்தியோகமாக இருந்தது. உறுதி செய்யப்படாத ஒரு சொல் ஒரு குடும்பத்தின்மீது எவ்வாறு வந்து விழும் என்பதை அவ்வாண்டுகளில் ஒருமுறை மிக அருகிலிருந்து பார்த்தேன். அதன்பின் ஊகத்தை எழுத என் கை துணிந்ததில்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் கேட்டதை வெளியில் சொல்வதில்லை என்று ஒவ்வொரு வாயிலிலும் நான் கொடுத்த வாக்கு என் ஓய்வூதிய ஆணையோடு முடிந்துவிடவில்லை. ஆகவே இதை எழுதுமுன் அந்த வீட்டுக்குச் சென்று கேட்டேன். "எழுதுங்க சார். பேர மட்டும் மாத்திருங்க. அண்ணனுக்கும் வேற பேர் வைங்க, அதுவும் படிக்கும்" என்றார் அந்த வீட்டுப் பெண். அவரை இங்கே ஸ்டெல்லா என்று குறிப்பிடுகிறேன்.

எழுதத் தூண்டியது ஒரு பயிற்சி வகுப்பு. கணக்கெடுப்புக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அரைமணி நேரம் பேசுமாறு பழைய அலுவலகத்தில் அழைத்திருந்தார்கள். இப்போது காகிதப் படிவம் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைக்கணினி. கடைசி வரிசையிலிருந்த ஓர் இளம்பெண் எழுந்து கேட்டார்: "சார், ஒரு நாள் அந்த ஆள் என்ன செஞ்சாருன்னு ஊட்ல யாருக்குமே தெரியல. காலியா வுட்டா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது. இன்னா சார் அமுக்கறது?" மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "மறுபடி போய்க் கேளம்மா" என்று மட்டும் சொன்னேன். அது முழுமையான விடையன்று. முழு விடை அரைமணி நேரத்தில் அடங்காது.

நான் தமிழிலக்கியம் படித்தவன். புள்ளியியலில் என் அறிவு ஆறு வாரப் பயிற்சியில் வந்தது. எஞ்சியதைக் கால்கள் கற்றன. எங்கள் படிவத்தின் நடுப்பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் பதினான்கு கட்டங்கள் இருக்கும். ஏழு நாள்கள், நாளொன்றுக்கு முற்பகல், பிற்பகல் என இரண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அரைநாளில் அவர் செய்தது என்ன என்பதற்குரிய குறியெண்ணை எழுத வேண்டும். ஊதியத்துக்கு உழைத்தாரா, தம் நிலத்தில் உழைத்தாரா, வேலை தேடினாரா, வீட்டு வேலை பார்த்தாரா, நோயில் கிடந்தாரா. இந்நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் வரும் வரிகளெல்லாம் இப்படிப்பட்ட கட்டங்களிலிருந்து புறப்பட்டுப் போனவை.

எங்கள் கண்காணிப்பாளர் வரதராஜன். திருவள்ளூர்க் கோயிலில் தலைமுறை தலைமுறையாகக் கைங்கரியம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர். காலைச் சேவை முடித்து நெற்றித் திருமண்ணுடன் நேரே அலுவலகம் வருவார்; ஒன்பதே முக்காலுக்கு அவர் மேசையில் பென்சில் சீவப்பட்டிருக்கும். நான் அறிந்தவரை அவர் எவரையும் உரக்கக் கடிந்ததில்லை. நாங்கள் நிரப்பிய படிவங்களை ஒன்றொன்றாகப் படிப்பார். ஐயம் தோன்றிய இடத்தின் அருகில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். அவ்வளவே. எது தவறு, ஏன் தவறு என்று ஒரு சொல்லும் இராது. புள்ளி விழுந்த படிவத்தை எடுத்துக்கொண்டு அதே வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். மெய் தெரிந்தபின் பழைய பதிவின்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, அருகில் புதியதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அழிப்பதற்கு அனுமதியில்லை. "முன்னால என்ன எழுதினீர்ங்கறதும் தெரியணும் ஓய்" என்பார்.

என் முதல் புள்ளி ஆர்.கே.பேட்டையில் விழுந்தது. நடுவயதுப் பெண் ஒருவர், வீட்டோடு இருப்பதாகச் சொன்னார்; பதினான்கு கட்டங்களிலும் வீட்டு வேலை என்று எழுதி வந்தேன். புள்ளியோடு திரும்பிப் போனபோது அவர் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முந்தைய முறையும் அவர் கையில் அதே முறம் இருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாருக்கு உரிக்கிறீர்கள் என்றேன். வியாபாரிக்கு என்றார், படிக்கு இவ்வளவு என்று கூலி. பின் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"இது வேலையா சார்? வேலைன்னா பஸ்ஸு ஏறிப் போணும். நான் குந்திக்கினு கீறேன்" என்று முறத்தைத் தட்டிச் சிரித்தார்.

பதினான்கு கட்டங்களில் பதினொன்றின்மேல் கோடு இழுத்தேன். இவ்வாறு நான் திருந்திய கதைகள் வேறு பல உண்டு; அவற்றை விடுத்து, திருந்தத் தாமதித்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு குடியிருப்பு மாதிரிக் கணக்கெடுப்புக்கான என் பட்டியலில் வந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கம் நாற்று நட்டும் களையெடுத்தும் பிழைத்த குடும்பங்கள், ஆலைகள் வந்தபின் இங்கே வந்து ஒற்றையறை வீடுகளில் தங்கியவை. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில் ஸ்டெல்லாவின் வீட்டு வாயிலில் நின்றேன். முப்பது வயதிருக்கும். உள்ளே சுவரில் மாதா படம். கணவர் அருள்தாஸ், பள்ளி செல்லும் இரு பெண் குழந்தைகள். அடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் என்னதான் கேட்கிறார் என்று பார்க்க வந்து நின்றார்கள்.

இங்கே என் முதல் பிழையைப் பதிவு செய்கிறேன். விவரம் கேட்கும்போது அயலார் இருக்கக் கூடாது என்பது விதி. வெயில் ஏறியிருந்தது, மாலைக்குள் இன்னும் நான்கு வீடுகள் முடிக்க வேண்டியிருந்தது. அவர்களைப் போகச் சொல்லாமல் வாயிலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து தொடங்கிவிட்டேன்.

வாக்குறுதியைப் படித்துக் காட்டினேன். ஸ்டெல்லா ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்: "இது கம்பெனிக்குப் போவாதே சார்?"

"போகாதம்மா. யாருக்கும் போகாது."

"அவரு சும்மாதான் கீறாரு. வேலை தேடிக்கினு கீறாரு. இப்பவும் அத்துக்குதான் போய்க்கீறாரு."

துணிக்கொடியில் ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மார்பிலும் கைகளிலும் கடுகளவு துளைகள். ஒவ்வொரு துளையின் விளிம்பும் கருகியிருந்தது. பழுக்கக் காய்ந்த இரும்பின் பக்கத்தில் நிற்பவன் சட்டையில் பொறி பட்டால் வரும் துளை அது. இந்தச் சட்டை யாருடையது என்று கேட்டேன்.

"எங்கண்ணன்து சார். தோய்க்கக் குடுத்துக்கீது."

அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தகவல் தருபவர் சொல்வதை மேலும் இருமுறை கேட்டு உறுதி செய். பின்பும் அதையே சொன்னால் அதையே எழுது என்பது எங்கள் முறை. இருமுறை கேட்டேன். அதையே சொன்னார். பதினான்கு கட்டங்களிலும் வேலை தேடுகிறார் என்று எழுதினேன். சட்டையைப் பற்றிக் குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

வியாழக்கிழமை படிவம் திரும்பி வந்தது. இரண்டு புள்ளிகள். ஒன்று அருள்தாஸின் கட்டங்களுக்கு எதிரே. இன்னொன்று பின்பக்கத்தில், வீட்டுப் பொருள்களின் பட்டியலில், சலவைச் சோப்புக்கு எதிரே. வழக்கத்துக்கு மாறாக அன்று வரதராஜன் ஒரு வாக்கியமும் சொன்னார்.

"வேலையில்லாதவன் சட்டைக்கு இத்தனை சோப்பு எதுக்கு ஓய்?"

அவர் துணிக்கொடியைப் பார்த்தவரல்லர். நான் பார்த்தவன். வெட்கத்துடன் படிவத்தைப் பையில் வைத்தேன். மறுநாளே போயிருக்க வேண்டும். ஊத்துக்கோட்டையில் ஒரு கிராமம் பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை போகலாம் என்று முடிவு செய்தேன். இது என் இரண்டாம் பிழை.

திங்கட்கிழமை அந்த வீடு பூட்டியிருந்தது. சனிக்கிழமை முற்பகல் அருகிலிருந்த இரும்புக் கம்பி ஆலையில் உருளைகளுக்கிடையே ஓடிய சூட்டுக் கம்பி துள்ளி அருள்தாஸின் வலக்காலைச் சுற்றிவிட்டதென்றும், மருத்துவமனையில் கிடக்கிறார் என்றும் அயலார் சொன்னார்கள்.

புதன்கிழமை ஸ்டெல்லா திருவள்ளூரில் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் சென்னை போய், அங்கிருந்து இன்னொரு ரயிலில் திருவள்ளூர். மருத்துவமனையின் அடையாளத் துண்டு அப்போதும் கையில் கசங்கியிருந்தது. அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

அருள்தாஸ் ஓராண்டாக ஓர் ஒப்பந்தக்காரரின்கீழ் அந்த ஆலைக்குள் வேலை செய்தார். ஆனால் தம் பெயரில் அன்று. நுழைவு அட்டை ஸ்டெல்லாவின் அண்ணன் சவரிமுத்துவினுடையது. சவரிமுத்துவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் ஷேர் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் சேமநிதியும் மருத்துவக் காப்பும் போகும். மைத்துனருக்கோ வேலை வேண்டும். ஆகவே அட்டை சவரிமுத்துவினுடையதாகவும் ஆள் அருள்தாஸாகவும் ஆயிற்று. அப்பகுதியில் இதைப் பலர் செய்ததைப் பின்னர் கேள்விப்பட்டேன். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளருக்கு இது தெரியும் என்றார் ஸ்டெல்லா.

"அடிபட்டதும் கார்டுல இருந்த பேர்லயே ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்க சார். நர்சம்மா வந்து, சவரிமுத்து பொண்டாட்டி யாருன்னு கூப்டுது. நான் எழுந்து நிக்கணும். எங்கண்ணன் சார் அது. புருசன் பேரு சவரிமுத்துன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுன்றாங்க. ஆபரேசனுக்கு. எப்டி சார் போடுவேன்? எங்கம்மா வயித்துல பொறந்த அண்ணன் பேர புருசன்னு எழுதுவேனா?"

அவர் எழுதவில்லை. உள்ளே கிடப்பவர் அருள்தாஸ் என்று உரக்கச் சொல்லிவிட்டார். சரியான பெயர் ஏறும்வரை கையெழுத்திட மறுத்தார். பெயர் மாறியது, கையெழுத்திட்டார், அறுவை நடந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அன்று மாலையே ஒப்பந்தக்காரரின் பேச்சும் மாறியது. அருள்தாஸ் எங்கள் ஆள் அல்லன். வேலையில்லாமல் திரிந்தவன், மைத்துனன் அட்டையைத் திருடிக்கொண்டு அந்தச் சனிக்கிழமை மட்டும் உள்ளே புகுந்துவிட்டான் என்றார்கள். அட்டை பறிபோகாது என்ற உறுதியின்பேரில் சவரிமுத்துவும் அதையே சொன்னார்.

"அவரு பேரு போட்ட கவர்மெண்டு பேப்பரு உங்களாண்ட ஒண்ணுதான் சார் கீது. அத்த குடுங்க."

"அதில் நீங்கள் சொன்னதுதானேம்மா இருக்கிறது?"

"தெரியும் சார். பயந்துக்கினு பொய் சொல்லிட்டேன். மாத்தி எழுதுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

என் மேசை இழுப்பறையில் அப்படிவம் இருந்தது. இரு புள்ளிகளும் அப்படியே இருந்தன. ஒற்றைக் கோடு இழுத்தால் போதும், எழுதப்போவதும் மெய்தான். மெய்யை எழுதி ஒரு நகலெடுத்துக் கொடுத்தால் என்ன என்று அப்போது தோன்றியதை மறைக்க மாட்டேன். கை இழுப்பறை வரை சென்றது. கண்காணிப்பாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு எதிரிலிருந்த தேநீர்க் கடையில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், பாபு என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"நாஷ்டா ஆச்சா சார்?"

"ஆயிற்று."

"ஒரு சின்ன பேஜாரு சார். அந்தப் பொம்பள உங்களாண்ட இன்னா சொல்லிச்சுன்னு எங்களுக்குத் தெரியும். புருசன் வேலையில்லாம சும்மா கீறான்னு சொல்லிக்கீது. நீங்களும் எழுதிக்கினு போய்க்கீறீங்க. வாசல்லதான சார் கேட்டீங்க, நாலு பேரு நின்னுக்கினுதான இருந்தாங்க."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்த ஷீட்டு ஒரு ஜெராக்ஸ் போதும். பொய்யா ஒண்ணும் எழுதச் சொல்லல சார். இருக்கறதத்தான் கேக்கறேன். டப்பு எவ்ளோன்னு நீங்களே சொல்லுங்க."

எழுந்து வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து, "கோர்ட்டுல கேட்டா குடுத்துத்தான் சார் ஆவணும்" என்றார். அவர் குரலில் அச்சுறுத்தல் இல்லை, நம்பிக்கை இருந்தது.

ஸ்டெல்லா எதைத் தம் கணவருக்கு அரண் என்று எண்ணிக் கேட்டாரோ, அதுவே அவர்மேல் வீசப்படவிருந்த கல்லாகவும் இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தால் விபத்துக்குப்பின் திருத்தியது என்பார்கள். திருத்தாமல் கொடுத்தால் அவள் வாயாலேயே சொன்னது என்பார்கள். அவர் சொன்னது அவர்களுக்கு எட்டியதோ என் நாற்காலி வாயிலில் கிடந்ததால்.

வரதராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாற்காலியைப் பற்றியும். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"வாசல்லயே உக்காந்து கேட்டீரா?"

"ஆமாம்."

"எத்தனை பேர் இருந்தா?"

"இருவர்."

வேறொன்றும் கேட்கவில்லை. மாலையில் விளக்கம் கேட்கும் குறிப்பாணை, என் பணிக்காலத்தில் முதலாவது, என் மேசைக்கு வந்தது. அதன் மேலேயே ஒரு துண்டுத்தாள்: "நாளை காலை மறுஆய்வு. நானும் வருகிறேன்."

வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குள் வரதராஜன் பாயில் உட்கார்ந்தார். முதலில் கதவைச் சாத்தச் சொன்னார். சன்னலுக்கு வெளியே நின்றிருந்த பெண்ணைக் கைகூப்பி அனுப்பினார். வாக்குறுதியை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பின் தம் முறைப்படி வினாக்களைத் தலைகீழாகத் தொடங்கினார். கணக்கெடுப்பு நடந்த செவ்வாய்க்கு முந்தைய ஏழு நாள்கள். திங்கள் பிற்பகலிலிருந்து பின்னோக்கி. பொய்யை வரிசையாகச் சொல்லலாம், பின்னோக்கிச் சொல்வது கடினம் என்பது அவர் கொள்கை.

"திங்கக்கிழமை மத்தியானம் எங்க இருந்தார்?"

"கம்பெனிலதான்."

"யார் பாத்தா?"

இந்த வினா படிவத்தில் இல்லாதது. ஸ்டெல்லா தயங்கினார். பின் யார் யார் பார்த்தார்கள் என்று அவரும் நினைவில் தேடத் தொடங்கினார். பதினான்கு கட்டங்களும் முடிந்தன. நான் பழைய பதிவுகளின்மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன், புதியவற்றை எழுதினேன், வரதராஜனும் நானும் கையொப்பமிட்டோம்.

"இப்ப குடுங்க சார்" என்று ஸ்டெல்லா கை நீட்டினார்.

"தர முடியாதும்மா. உனக்கும் இல்ல, அவாளுக்கும் இல்ல" என்றார் வரதராஜன்.

"அப்ப இன்னாத்துக்கு எழுதறீங்க?" என்றார் ஸ்டெல்லா. "எங்க ஊட்டுக்கு வந்து, குந்திக்கினு, சோப்பு எத்தினின்னு கேக்கறீங்க, சோறு எத்தினி வேளன்னு கேக்கறீங்க. எல்லாத்தயும் எழுதிக்கினு போறீங்க. எனுக்கு ஒரு பேப்பரு குடுக்க முடியாதா?"

வரதராஜன் முகம் சிவந்ததை அன்று ஒருமுறைதான் பார்த்தேன். படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். பின் அதே பையிலிருந்து நிரப்பாத ஒரு படிவத்தை எடுத்து, பதினான்கு கட்டங்களுள்ள நடுத்தாளை மட்டும் பிரித்து அவர் முன் வைத்தார்.

"நீ சொன்ன பதில் ரகசியம். நான் கேட்ட கேள்வி ரகசியமில்ல, அம்மா. எத்தனை வரை படிச்சிருக்கே?"

"பத்தாவது."

"போதும். அடிபட்ட சனிக்கிழமை கடைசி நாள். அதுக்கு முந்தி ஞாயிறு முதல் நாள். ஒவ்வொரு கட்டத்துலயும் அவர் எங்க இருந்தார்னு எழுது. பக்கத்துல யார் பாத்தாங்கறதை எழுது. நீ பாத்ததை எழுதாதே, நீ பொண்டாட்டி. வேற ஆள் பாத்திருக்கணும். யாரும் பாக்கலைன்னா அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுடு."

ஸ்டெல்லா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் அலைந்தார். பின் என்னிடம் காட்ட வந்தார். ஞாயிறு முற்பகலுக்கு மாதா கோயில் உபதேசியார். பிற்பகலுக்குக் குழாயடியில் தகராறு தீர்த்துவைத்ததைப் பார்த்த மூவர். வேலை நாள்களுக்கெல்லாம் ஒரே பெயர்: ஆலை வாயிலுக்கு எதிரே தேநீர் விற்கும் கோவிந்தம்மா. உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாதென்பதால் தொழிலாளிகள் காலையில் அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேலை முடிந்து வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பார். நானும் பின்னர் போய்ப் பார்த்தேன். அருள் என்று ஒட்டிய கைப்பேசி அப்போதும் டப்பாவில் கிடந்தது. சனிக்கிழமை கொடுத்தது, வாங்க ஆள் வரவில்லை.

"கேட்டுக்கு உள்ள அவன் சவரி. என்னாண்ட அவன் அருளு. எனுக்கு எதுக்கு நைனா கார்டு, மூஞ்சி தெரியாதா?" என்றார் கோவிந்தம்மா.

ஆனால் ஒரு கட்டம் காலியாக இருந்தது. வியாழக்கிழமைப் பிற்பகல். அன்று உணவு இடைவேளையிலேயே அருள்தாஸ் வந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றும், எங்கே போனார் என்று தமக்குத் தெரியாதென்றும் கோவிந்தம்மா சொன்னார்.

அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு அச்சமாக இருந்தது. எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ள அது ஒன்று போதும். ஆலையில் என்று எழுதிவிட்டால் வாரம் முழுமையாகிவிடும். அந்தச் சொல் என் நாவின் நுனிவரை வந்தது.

"அத்த நிரப்பிரட்டுமா சார்?" என்று அவரே கேட்டார்.

"கணவரிடம் கேட்டீர்களா?"

"கேட்டேன். அத வுடுன்னுது. மூஞ்ச திருப்பிக்கிச்சு."

"அப்படியானால் இருக்கட்டும்" என்றேன்.

நான்கு மாதம் கழித்து, இழப்பீடு கேட்டு ஸ்டெல்லா கொடுத்த மனுவின்மேல் தொழிலாளர் துறை அலுவலர் ஒருவர் முன் விசாரணை. ஒப்பந்தக்காரர் தரப்பு எங்கள் படிவத்தைக் கேட்டிருந்தது. தனியாள் விவரம் சட்டப்படி எவருக்கும் தரப்படமாட்டாது என்ற இரண்டு வரிக் கடிதத்தை வரதராஜன் என் கையில் கொடுத்தனுப்பினார். அதைக் கொடுத்துவிட்டு நின்றேன். பாபு எழுந்தார்.

"பேப்பரு வேணாங்க ஐயா. அவ வேலையில்லன்னு சொன்னாளா இல்லியா, அத்த மட்டும் அந்த சாரு சொல்லட்டும்."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டெல்லா தரையைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலர் என்னை உட்காரச் சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில் வியர்த்த சட்டையை வீட்டுக்குப் போகும்வரை உடலோடு உணர்ந்தேன்.

பின் அலுவலர் மூன்று தாள்களை அருகருகே வைத்தார். ஸ்டெல்லாவின் பதினான்கு கட்டங்கள். ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேடு. அதில் சவரிமுத்து திங்கள் முதல் வெள்ளி வரை எல்லா நாளும் முழு நேரம் இருந்ததாகக் குறித்திருந்தது. ஆலை வாயிலில் அட்டையைப் படிக்கும் கருவியின் பதிவு. அதை ஆலை எழுத்தர் கொண்டுவந்திருந்தார்.

"இந்தம்மா தாள்ல வியாழக்கிழமை மத்தியானம் காலியா இருக்கு" என்றார் அலுவலர்.

"அதாங்க ஐயா. கட்டுக்கதைதான" என்றார் பாபு.

அலுவலர் எழுத்தரிடம் வியாழக்கிழமையைப் படிக்கச் சொன்னார். எழுத்தர் விரல் வைத்துப் படித்தார். சவரிமுத்துவின் அட்டை காலையில் உள்ளே போயிருக்கிறது. உணவு இடைவேளையில் வெளியே வந்திருக்கிறது. அன்று திரும்ப உள்ளே போகவில்லை. விபத்து நடந்த சனிக்கிழமை தவிர, மற்ற வேலை நாள்களில் காலை போய் மாலை வந்திருக்கிறது.

அலுவலர் சவரிமுத்துவைப் பார்த்தார். "உன் கார்டு எப்ப காணாமப் போச்சு?"

"சனிக்கிழம காலைல ஐயா."

"அதுவரைக்கும் உங்கிட்டதான் இருந்தது?"

"ஆமா ஐயா."

"அப்ப வியாழக்கிழமை மத்தியானம் கேட்டை விட்டு வெளிய வந்தது நீ. வந்து எங்க போனே?"

சவரிமுத்து பருத்த மனிதர். கையிலிருந்த துண்டை முறுக்கினார். தங்கையைப் பார்த்தார். ஸ்டெல்லா அப்போதும் தலை நிமிரவில்லை.

"நான் எங்க ஐயா போனேன்" என்றார் சவரிமுத்து மெல்ல. "நான் அன்னிக்கிப் பூரா ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தேன்."

பாபு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் அட்டையோடு உள்ளே சென்று வந்தவர் அருள்தாஸே என்றும், அவர் ஒப்பந்தக்காரரின் தொழிலாளியே என்றும் அலுவலர் ஆணையிட்டார். ஆணையின் நகலை ஸ்டெல்லா எனக்குப் படிக்கக் கொடுத்தார். அதில் என் துறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இழப்பீடு கிடைத்தது. சவரிமுத்துவின் அட்டை பறிபோயிற்று. அவர் இன்றும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தங்கை வீட்டுக்கு முதல் ஓராண்டு வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். அருள்தாஸ் செயற்கைக் காலுடன், வேறோர் ஆலையின் வாயிலில் அட்டைகளைச் சரிபார்க்கும் காவல் பணியில் இருக்கிறார். தம் பெயரில்.

எங்கள் படிவம் ஒற்றைக் கோடுகளுடன் மேலிடத்துக்குச் சென்று ஆயிரக்கணக்கான படிவங்களில் ஒன்றாயிற்று. எவ்விகிதத்தில் எத்தனையாவது தசம இடத்தில் அருள்தாஸின் ஏழு நாள்கள் சேர்ந்தன என்பதை எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

எனக்குத் தெரியாதவை இவை. வாயிலில் நின்ற இரு பெண்களில் யார் பாபுவிடம் சொன்னார் என்பது தெரியாது, கேட்கவும் இல்லை. பெயர் மாறும்வரை அறுவை காத்திருந்த நேரம் அந்தக் காலைக் கொண்டுபோயிற்றா என்பதை எந்த மருத்துவரும் எழுதவில்லை, தெரியாது. புள்ளி விழுந்த மறுநாளே நான் போயிருந்தால், சனிக்கிழமை வேறாக இருந்திருக்குமா என்பது தெரியாது.

இதை எழுத ஒப்புதல் கேட்கப் போனபோது அருள்தாஸும் வீட்டில் இருந்தார். எல்லாவற்றுக்கும் தடையில்லாமல் பதில் சொன்னார். கடைசியாக அந்த வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"அத வுடுங்க சார்" என்றார்.

வியாழக்கிழமைப் பிற்பகலில் அவர் எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.